பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பள்ளிகளின் வரலாற்றை எழுதுவர். பாடநூல்களின் வரலாற்றை எழுதுவர். கல்விக் கொள்கைகளின் வரலாற்றையும் எழுதுவர். ஆனால் ஆசிரியர் சொல்லிய சொல் மாணவனை எவ்வழியாகச் சென்று அடைந்தது, மாணவன் கேட்க நினைத்த கேள்வி எவ்வழியாக ஆசிரியரிடம் திரும்பி வந்தது என்று ஆராய்வோர் மிகச் சிலரே. ஆசிரியரையும் மாணவரையும் பெற்றோரையும் இணைக்கும் இச்செய்திப் போக்குவரத்து நின்றுவிடுமானால், கட்டடம் இருக்கும், கரும்பலகை இருக்கும், கல்வி மட்டும் இராது.

இன்று இப்போக்குவரத்து பெரும்பாலும் கைபேசி வழியே நடைபெறுகிறது. வீட்டுப்பாடம் இன்னதென்று ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார். மழைக்காக விடுமுறை என்னும் அறிவிப்பும் அங்கேயே வருகிறது. கல்லூரிகளில் கூகுள் வகுப்பறை, மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் முதலிய தளங்களில் பாடக்குறிப்புகள் வைக்கப்படுகின்றன. கட்டுரைகளும் அங்கேயே ஒப்படைக்கப்படுகின்றன. இக்கருவிகள் புதியன. ஆனால் இவற்றின் பின்னால் நிற்கும் வினா பழையது. பள்ளி அனுப்பும் செய்தி யாரைச் சென்று சேர்கிறது? யாரைச் சேராமல் நின்றுவிடுகிறது? இவ்வினாவுக்கு விடை காண விருதுநகர், சிவகாசி வட்டாரத்தின் வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்யும். கல்விக்காக வீட்டுக்கு வீடு சென்ற பெருமையும், கல்வியின் அழைப்பு எட்டாத பிள்ளைகளைப் பெருந்தொகையாகக் கொண்டிருந்த துயரமும் அவ்வட்டாரத்தில் அருகருகே இருந்தன.

முதலில் தமிழ்நாட்டின் பழைய திண்ணைப் பள்ளியை நோக்குவோம். அங்கே ஆசிரியர் ஒருவரே. மாணவரோ பல வயதினர். மணலில் விரலால் எழுதிப் பழகும் சிறுவனும், ஓலையில் எழுத்தாணி பிடிக்கும் இளைஞனும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தனர். ஒருவர் எல்லார்க்கும் எங்ஙனம் கற்பித்தார்? அவருக்குத் துணை நின்றவன் சட்டாம்பிள்ளை. ஆசிரியரிடம் பாடம் கேட்ட மூத்த மாணவன் இளையவர்களுக்கு அதனைச் சொல்லிக்கொடுத்தான். யார் வரவில்லை, யாருக்குப் பாடம் விளங்கவில்லை என்னும் செய்தியை அவனே ஆசிரியரிடம் கொண்டு சேர்த்தான். சட்டாம்பிள்ளையின் கண்டிப்பைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் பல உண்டு. ஆயினும் அவன் வெறும் காவற்காரன் அல்லன்; போகும் செய்திக்கும் வரும் செய்திக்கும் அவனே பாலமாக இருந்தான்.

இம்முறையின் சிறப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் சென்னையில் கண்டுகொண்டார். படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக எழும்பூரில் அமைந்த விடுதிப் பள்ளிக்கு அவர் 1789-ஆம் ஆண்டில் கண்காணிப்பாளரானார். நாட்டுப்புறப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிக் கற்பதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். உடனிருந்த ஆசிரியர்கள் அதனை ஏற்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார். அவன் அதனைத் திறம்பட நிறைவேற்றினான். பெல் இங்கிலாந்து திரும்பியபின் 1797-இல் இச்சோதனையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் அம்முறை ஐரோப்பாவெங்கும் பரவிற்று. மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது. வகுப்பறைச் செய்திப் போக்குவரத்துக்குத் தமிழ்நாடு உலகுக்கு அளித்த கொடை இது எனலாம்.

இத்தகைய பள்ளிகள் அந்நாளில் எத்தனை இருந்தன? சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அப்போதைய மக்கள் தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். பள்ளிகளின் எண்ணிக்கை வியப்பளிப்பதுதான். ஆனால் அக்கணக்கில் பெண்கள் மிகச் சிலரே. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பலருக்கு அத்திண்ணையில் இடமே இல்லை. ஆசிரியரின் சொல் சட்டாம்பிள்ளை வழியாகக் கடைசிச் சிறுவனையும் எட்டியது. ஆனால் திண்ணைக்குக் கீழே தெருவில் நின்றவனை எட்டவில்லை. செய்திமுறை எவ்வளவு திறமையாக அமைந்தாலும் வட்டத்துக்கு வெளியே நிற்பவனுக்கு அதனால் பயனில்லை என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

இனி விருதுநகருக்கு வருவோம். அவ்வூரின் பழைய பெயர் விருதுபட்டி. 1923-ஆம் ஆண்டில் அது விருதுநகர் என்னும் பெயரைப் பெற்றது. பருத்தி, மிளகாய், நல்லெண்ணெய் முதலிய சரக்குகளின் வாணிகத்தால் வளர்ந்த ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கோயில் வாயிலும் சில பொதுத் தெருக்களும் அடைபட்டிருந்த சமூகத்தினருள் நாடார்களும் இருந்தனர். அவ்வூர் நாடார் வணிகர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்கத் தாங்களே வழி தேடினர். 1889-இல் சத்திரிய வித்தியாசாலை தோன்றியது.

பள்ளியை நடத்தப் பொருள் வேண்டுமே! வணிகர்கள் தங்கள் கொள்முதலிலும் விற்பனையிலும் ஒரு சிறு பங்கை மகமை என ஒதுக்கிப் பொதுப்பணிக்கு அளிக்கும் வழக்கம் அவ்வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்தது. அதனோடு பிடியரிசி முறையும் சேர்ந்தது. நாள்தோறும் உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அவ்வரிசியைத் திரட்டி விற்று வரும் பணம் பள்ளிக்குச் செல்லும்.

இதனைப் பொருள் திரட்டும் வழியாக மட்டும் கருதுவது பொருந்தாது. எழுத்தறியாத தாய்க்குப் பள்ளியின் அறிக்கையைப் படிக்க இயலாது; நிர்வாகக் கூட்டத்தில் அமரவும் அந்நாளில் இடமில்லை. ஆயினும் அவள் கை அரிசியை எடுத்து வைத்தபொழுதெல்லாம் ஊரில் ஒரு பள்ளி இருக்கிறது என்பதும், அது தன்னுடையது என்பதும் அவளுக்கு நினைவூட்டப்பட்டன. பள்ளியிலிருந்து அடுக்களை வரை நாள் தவறாமல் சென்ற செய்தி அது. அரிசி திரும்பி வந்தது, அதுவே விடை. போன செய்திக்கு விடை வரும் வழி ஒன்று அம்முறைக்குள்ளேயே அமைந்திருந்தது.

அப்பள்ளியில் பயின்ற பிள்ளைகளுள் ஒருவர் காமராசர். 1903-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பச் சூழல் காரணமாகப் படிப்பை இடையிலேயே நிறுத்திவிட்டு மாமனின் துணிக்கடைக்குச் சென்றார். பள்ளி ஊரில் இருந்தது. ஊராரின் ஆதரவும் இருந்தது. ஆயினும் வீட்டின் வறுமை பள்ளியின் அழைப்பைவிட உரத்துப் பேசியது. இவ்வுண்மையை அவர் பிற்காலத்தில் மறக்கவில்லை.

விருதுநகரிலிருந்து சிறு தொலைவில் உள்ளது சிவகாசி. மழை குறைந்த கரிசல் நிலம் அது. வேளாண்மையை மட்டும் நம்பி வாழ இயலாத ஊர். அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். 1923-இல் திரும்பி வந்து சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசுத் தொழில் வளர்ந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டுகள் வேண்டியிருந்தன. ஆகவே அச்சுத்தொழிலும் வந்து சேர்ந்தது. மூன்று தொழில்களும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. நாட்காட்டியும் நாட்குறிப்பேடும் பள்ளிக் குறிப்பேடுகளும் பாடநூல்களும் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் சென்றன.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே தூது சென்றது பெரும்பாலும் அச்சிட்ட தாளே. மாணவர் குறிப்பேட்டில் ஆசிரியர் ஒரு வரி எழுதுவார். பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்புவர். தேர்ச்சி அட்டையும் அவ்வாறே சென்று வரும். ஆனால் கையொப்பம் இருப்பதனால் செய்தி சென்று சேர்ந்தது என்று கொள்ள முடியுமா? படிக்கத் தெரியாத தந்தைக்கு அவ்வரியைப் படித்துக் காட்டுபவன் மாணவனே. தன்னைப் பற்றிய குறையைத் தானே படித்துச் சொல்ல வேண்டிய நிலையில், அவன் எதனைச் சொல்வான், எதனை விடுவான் என்பதை நாம் எளிதில் உணரலாம். தாள் வீடு வரை சென்றது; செய்தி சில வேளைகளில் வாயிற்படியிலேயே நின்றது.

அதனினும் பெரிய துயரம் ஒன்று உண்டு. குறிப்பேடுகள் அச்சான அதே வட்டாரத்தில், குறிப்பேடே இல்லாத பிள்ளைகள் பல்லாயிரவர் இருந்தனர். தீப்பெட்டி ஒட்டுவதிலும், சட்டங்களில் தீக்குச்சி அடுக்குவதிலும் சிறுவர் சிறுமியரின் கைகள் ஈடுபட்டன. விடியுமுன்னரே சுற்றுவட்டச் சிற்றூர்களுக்கு ஆலை வண்டிகள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றதை 1980-களில் ஆய்வாளர்களும் இதழாளர்களும் நாடறிய எழுதினர். பள்ளியின் மணி ஒலிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே ஆலையின் அழைப்பு அவ்வீடுகளுக்கு வந்துவிட்டது.

இதற்கிடையே அரசு செய்த முயற்சிகளையும் கூறுதல் வேண்டும். காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தினார். ஊர் மக்களே தங்கள் பள்ளிக்கு வேண்டிய பொருள்களை வழங்கினர். பிடியரிசியின் உணர்வு இங்கே நாடு தழுவிய இயக்கமாக வடிவெடுத்தது எனலாம். பசித்த வீட்டுக்குப் பள்ளி அனுப்பிய செய்திகளுள் மதிய உணவைவிடத் தெளிவானது வேறில்லை. அதனைப் படிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை.

ஆயினும் ஆலையின் அழைப்பு முற்றும் ஓயவில்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் நிறைவேறியது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிவகாசியும் இடம் பெற்றது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் ஏற்பட்டன. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தீங்கு பயக்கும் தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது ஆணையிட்டது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இம்முயற்சிகளாலும், தொழிலில் புகுந்த எந்திரங்களாலும், பெற்றோரின் மனமாற்றத்தாலும் நிலைமை பெரிதும் மாறியது. ஆலைக்குச் சென்ற தாயின் மகள் இன்று கல்லூரிக்குச் செல்வதை அவ்வூர்களில் காணலாம்.

இனி, காற்றின் வழியே சென்ற வகுப்பறையைப் பற்றிச் சில சொற்கள். சென்னையில் 1938-இலும் திருச்சிராப்பள்ளியில் 1939-இலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. பள்ளி மாணவருக்கென ஒலிபரப்புகளும் நடைபெற்றன. தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. நல்ல ஆசிரியர் ஒருவரின் குரலை ஒரே நேரத்தில் பல்லாயிரம் பிள்ளைகள் கேட்குமாறு செய்தது வானொலியின் அருஞ்செயல். ஆனால் அது ஒருவழிப் பாதை. கேட்கும் மாணவனுக்கு ஐயம் எழுந்தால் பேசுபவர் அதனை அறிய மாட்டார். சட்டாம்பிள்ளை கொண்டு வந்த மறுமொழி இங்கே இல்லை. வானொலிப் பெட்டியைச் சுற்றி ஓர் ஆசிரியர் பிள்ளைகளை அமர்த்தி, கேட்டபின் உரையாடிய இடங்களிலேதான் அவ்வொலிபரப்பு முழுப்பயன் தந்தது.

இருவழியிலும் செய்தி செல்லும் கருவிகள் எங்கே பிறந்தன என்று ஆராய்ந்தால் சுவையான உண்மை ஒன்று புலப்படும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-இல் பிளேட்டோ என்னும் கணிப்பொறி அமைப்பைப் பாடம் கற்பிப்பதற்காகவே உருவாக்கினர். அவ்வமைப்பில் 1973-இல் இரண்டு புதுமைகள் தோன்றின. ஒன்று, பலர் ஒரே நேரத்தில் திரையில் எழுதி உரையாடும் வசதி. மற்றொன்று, ஒருவர் எழுதிய குறிப்பின் கீழே பிறர் விடை எழுதிச் சேர்க்கும் வசதி. பின்னதை எழுதியவர் டேவிட் வூலி என்னும் 17 வயது இளைஞர். இன்று அலுவலகங்களிலும் வகுப்புகளிலும் வழங்கும் குழு உரையாடலின் முன்னோடிகளுள் ஒன்று இவ்வாறு கல்விக்கூடத்திலேயே பிறந்தது.

அதன்பின் கருவிகள் பல்கின. 2009-இல் வாட்ஸ்அப் தோன்றியது. ஒரு கணிப்பொறி விளையாட்டை உருவாக்க முயன்று தோற்ற குழுவினர், தங்களுக்குள் பேசிக்கொள்ள அமைத்த கருவியையே 2013-இல் ஸ்லாக் என்னும் பெயரில் வெளியிட்டனர். 2014-இல் கூகுள் வகுப்பறையும், 2017-இல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் வந்தன. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்டுள்ள ஜோஹோ நிறுவனம் 2021-இல் அரட்டை என்னும் செயலியை வெளியிட்டது. கரிசல் நாட்டுக்கு அண்மையிலேயே இத்தகைய கருவிகள் உருவாகும் காலம் இது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் முதல் எட்டு வகுப்புகளின் மாணவர்கள் 2021 நவம்பர் முதல் நாள் வரை, அதாவது ஏறத்தாழ 19 மாதங்கள், பள்ளிக்குச் செல்லவில்லை. வகுப்பறையே கைபேசிக்குள் குடியேறியது. அப்போதுதான் நம் பழைய வினா மீண்டும் எழுந்தது. ஊரகக் கல்வி நிலையை ஆராயும் அசர் அறிக்கையின்படி, பள்ளியில் சேர்ந்த ஊரகப் பிள்ளைகளின் வீடுகளில் திறன்பேசி இருந்தவை 2018-இல் 36.5 விழுக்காடு, 2020-இல் 61.8 விழுக்காடு. இது நாடு முழுமைக்குமான கணக்கு. இரண்டே ஆண்டுகளில் கண்ட உயர்வு பெரிது. ஆயினும் பத்து வீடுகளுள் ஏறத்தாழ நான்கு வீடுகள் வட்டத்துக்கு வெளியே நின்றன.

வீட்டில் கைபேசி இருந்தாலும் அது யாருடையது என்பது அடுத்த வினா. ஒரே கைபேசி உள்ள வீட்டில் தந்தையோ தாயோ அதனை எடுத்துக்கொண்டு வேலைக்குச் செல்வர். பட்டாசு ஆலைக்கோ அச்சகத்துக்கோ சென்றவர் மாலையிலேதான் திரும்புவர். காலையில் நடைபெறும் வகுப்பு அப்பிள்ளைக்கு இரவில்தான் கிடைக்கும். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் படித்தால், கருவி பெரும்பாலும் யார் கையில் முதலில் சென்றது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். குழுவின் பட்டியலில் எல்லாருடைய எண்களும் இருந்தன. ஆனால் எண்ணுக்கு உரியவர் பெற்றோர். பாடத்துக்கு உரியவர் பிள்ளை. திண்ணைக்கு வெளியே தெருவில் நின்ற சிறுவனைப் போலவே, பெயர் பட்டியலில் இருந்தும் வகுப்பில் இல்லாத பிள்ளை ஒருவர் இக்காலத்திலும் உண்டானார்.

இந்நிலையைச் சரிசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27-ஆம் நாள் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள், அவருள் பெரும்பாலோர் பெண்கள், தங்கள் தெருவில் உள்ள பிள்ளைகளை மாலை வேளைகளில் ஒன்றுகூட்டிக் கற்பித்தனர். தமிழ்நாட்டின் ஊரகப் பிள்ளைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் ஈடுசெய்யப்பட்டதைக் கண்டனர். அவ்வாறு மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தின் பயன் என்றும் கணக்கிட்டனர். கைபேசி செல்லாத வீட்டுக்கு மனிதர் சென்றார். செய்தி சென்று சேர்ந்தது.

அப்படியாயின் இக்கருவிகள் வேண்டா என்பதா? அன்று. எழுத்தறியாத தாய்க்கு அச்சுத்தாள் செய்ய முடியாத ஒன்றைக் கைபேசியின் குரற்செய்தி செய்கிறது. ஆசிரியரின் சொல்லை அவர் குரலிலேயே அவள் கேட்கலாம். தன் குரலிலேயே விடையும் சொல்லலாம். இடையில் மகன் படித்துக் காட்டவேண்டிய தேவை இல்லை. வகுப்பில் எழுந்து நின்று கேட்கக் கூசும் மாணவி, தனிச்செய்தியில் தன் ஐயத்தை எழுதக் காண்கிறோம். இவை சிறு நன்மைகள் அல்ல.

கருவிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வாட்ஸ்அப் குழு பெரும்பாலும் ஒரே ஆறு போன்றது. தேர்வு அறிவிப்பும், பிறந்தநாள் வாழ்த்தும், காலை வணக்கப் படமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிச் செல்லும். வேண்டிய செய்தி வேண்டாத செய்தியில் மூழ்கிவிடும். ஸ்லாக், டீம்ஸ் போன்ற தளங்களில் பொருளுக்கு ஒரு கிளை உண்டு. கணக்குப் பாடத்துக்கு ஒன்று, அறிவிப்புக்கு ஒன்று, ஐயங்களுக்கு ஒன்று எனப் பிரிக்கலாம். ஒரு கேள்விக்குரிய விடைகள் அக்கேள்வியின் கீழேயே இழையாகத் தொடரும். முன்னர் எழுதியதைத் தேடி எடுக்கலாம். பள்ளி நிர்வாகமே கணக்குகளை உண்டாக்கித் தருவதால், மாணவியின் கைபேசி எண் வகுப்பிலுள்ள அனைவர்க்கும் தெரிய வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவிலோ உறுப்பினரின் எண்ணைப் பிற உறுப்பினர்கள் காணலாம். ஆனால் இத்தளங்களுக்கு நல்ல கருவியும் நிலையான இணைப்பும் பழக்கமும் வேண்டும். வாட்ஸ்அப் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஒழுங்கு மிகுந்த கருவி சிலரைச் சேர்கிறது. ஒழுங்கு குறைந்த கருவி பலரைச் சேர்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுப்பதே ஆசிரியரின் இன்றைய இக்கட்டு.

பாதுகாப்பும் இங்கே எண்ணத்தக்கது. 2023-இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனியுரிமைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புதல் என்பது பழைய கையொப்பத்தைப் போல் வெறும் சடங்காகிவிடக் கூடாது. எதற்கு ஒப்புகிறோம் என்பது அத்தாய்க்கும் தந்தைக்கும் விளங்க வேண்டும். ஆசிரியரின் ஓய்வு நேரமும் கருதத்தக்கதே. இரவு பத்து மணிக்குக் குழுவில் எழும் கேள்விக்கு உடனே விடை வரவேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று.

விருதுநகர் மாவட்டம் 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மேல்நிலைத் தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது. அதே 2018-இல், முன்னேற்றத்துக்குத் தனிக்கவனம் வேண்டிய மாவட்டங்கள் என மைய அரசு அறிவித்த பட்டியலிலும் அது இடம் பெற்றது. இரண்டும் உண்மையே. தேர்வறையை அடைந்தவர் சிறப்புற வென்றனர். தேர்வறை வரை வர இயலாதவரும், வசதி குன்றிய வீடுகளும் இன்னும் இருந்தன என்பதே இதன் பொருள். சராசரியைக் கொண்டு பெருமைப்படும் வேளையில், அதற்குள் அடங்காத பிள்ளையைத் தேடவேண்டிய கடமையும் நமக்கு உண்டு.

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பின் குழுவிலும் இன்று ஏதேனும் ஒரு செய்தி வந்திருக்கும். அதனைப் பார்த்ததும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நம் வகுப்பில் இது யாரைச் சேர்ந்திராது? கைபேசி இல்லாதவர் யார்? கைபேசியைத் தந்தை எடுத்துச் சென்ற வீடு எது? அத்தோழனிடம் செய்தியைச் சொல்லுங்கள். அவன் கேட்கும் ஐயத்தை ஆசிரியரிடம் கொண்டு சேருங்கள். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பு இருந்தது. உங்கள் கையில் அது வேண்டியதில்லை. அவன் செய்த தூதுப் பணி மட்டும் இன்றும் தேவைப்படுகிறது.